டிக்கியில் வைத்த மீன்

பட்டறை வைத்துத் தலை நரைத்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கம்ப்யூட்டரில் வண்டியைப் பார்த்துவிட்டு வண்டி தெரியும் என்கிறவர்கள் படித்தால் படிக்கட்டும், எனக்கு நஷ்டமில்லை. நான் படித்தது அஞ்சாவது, அதுவும் பாதி. ஆனால் கடலூரிலிருந்து சிதம்பரம் வரைக்கும் எந்த இன்ஜினீயராவது ஒரு பழைய காரின் தரைத் தகட்டை முழுசாக அறுத்தெடுத்துவிட்டு, நாலு கதவும் பழையபடி 'டப்'பென்று மூடுகிற மாதிரி புதுத் தகடு போட்டுக் காட்டட்டும். அவன் காலில் விழுகிறேன். இதுவரைக்கும் நான் யார் காலிலும் விழுந்ததில்லை.

சுனாமி வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. ஒரு நாள் காலையில் சிப்காட் போகிற ரோட்டில் என் ஷெட்டுக்கு முன்னால் ஒரு லாரி வந்து நின்றது. மேலே கயிறு போட்டுக் கட்டிய பழைய கறுப்புக் கார். முன் சீட்டிலிருந்து சட்டை மடிப்புக் கலையாமல் ஒருத்தன் இறங்கினான். முப்பது வயசு இருக்கும். அண்ணாமலை நகரில் பாடம் நடத்துகிற வேலையாம். கையில் ஃபைல்.

"ஓனர் இல்லீங்களா ஆன்ட்டி?"

"ஓனர்தான் தம்பி எதிர்ல நின்னு டீ குடிச்சிக்கிட்டு இருக்குது. சொல்லு."

நம்பாமல் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான். அங்கே என் கொழுந்தன் கிரைண்டரில் பிளேடு மாற்றிக்கொண்டிருந்தான். "அண்ணிகிட்டயே பேசு சார், நான் அறுன்னா அறுக்கறவன்" என்றான் அவன்.

இது எனக்குப் பழக்கம்தான். என் புருஷன் டிங்கர். நல்ல வேலைக்காரர், அதைவிட நல்ல குடிகாரர். கை நடுங்க ஆரம்பித்ததும் வெல்டிங் டார்ச்சை நான் வாங்கிப் பிடித்தேன். ஆறு மாசத்தில் அவர் போட்ட வெல்டிங்கைவிட என்னுடையது நேராகப் போனது. அவர் போன பிறகு, "பொம்பள பட்டறைக்கு எவன் வண்டி விடுவான்" என்று பேசியவர்களில் ரெண்டு பேர் பிற்பாடு என்னிடமே வேலை கேட்டு வந்தார்கள். ஒருத்தனைச் சேர்த்துக்கொண்டேன். இன்னொருத்தனை டீ குடிக்க வைத்து அனுப்பிவிட்டேன்.

காரை இறக்கி உள்ளே பார்த்தேன். பின் சீட்டுக்கு முன்னால் கால் வைக்கிற இடத்தில் ஏதோ தகடு ஒட்டியிருந்தது. அதைச் சுற்றி ஓட்டை ஓட்டையாக ஷெட்டின் சிமெண்ட் தெரிந்தது.

"தரை மொத்தமும் மாத்தணும் ஆன்ட்டி. அச்சு அசலா பழைய மாதிரியே வேணும். இன்டர்நெட்ல படம்லாம் எடுத்து வந்திருக்கேன். பாண்டிச்சேரியில பழைய கார்லாம் ஊர்வலம் விடுவாங்க, அதுல கலந்துக்கப் போறேன்."

"படத்த நீயே வெச்சிக்க."

தரை எப்படிப் போனது என்று நான் கேட்கவில்லை. அவனே சிரித்துக்கொண்டு ஆரம்பித்தான்.

"அது ஒரு காமெடி ஆன்ட்டி. எங்க தாத்தாவுக்குச் சிதம்பரம் தெற்கு வீதியில வீடு, பக்கத்துலயே அரிசி மில்லு. அப்ப மீனவன் ஒருத்தன் டிரைவரா இருந்தானாம். எங்க வீடோ சுத்த சைவம். அந்தாளு திருட்டுத்தனமா வண்டியில மீன் ஏத்தி ஏத்தி, மீன் தண்ணியில தரையே அழுகிப்போயி, ஒரு நாள் எங்க பாட்டியோட கால் ஓட்டை வழியா ரோட்டுக்கே போயிடுச்சாம்! எங்க வீட்டுக் கல்யாணத்துல எல்லாம் இந்தக் கதைதான்."

கொழுந்தனும் சிரித்தான். நான் காரின் பக்கத் தூணைத் தடவினேன். அதில் நீளமாக ஒரு பள்ளம் உண்டு. அந்தக் காலத்தில் வண்டி திரும்பும்போது அதிலிருந்து ஒரு குட்டிக் கை வெளியே நீட்டும். கைகாட்டி என்போம். கை இப்போது இல்லை. பள்ளம் மட்டும் இருந்தது. என் விரல் அதில் சரியாகப் போய் உட்கார்ந்தது.

அந்த டிரைவர் என் அப்பா. அதை அன்றைக்கு அவனிடம் சொல்லவில்லை. உங்களிடமும் சொன்னதில்லை. எங்கப்பா மீன்பிடி போட்டுக்கு ஓனர் என்று நம் சங்கக் கூட்டத்தில் எத்தனை தடவை அளந்திருப்பேன்! நீங்களும் தலையை ஆட்டினீர்கள். அத்தனையும் பொய்.

எனக்கு அப்போது ஒன்பது வயசு. அப்பா கடலூர்ப் பக்கம் ஒரு குப்பத்தில் பிறந்தவர். பிறந்தது மீனவர் வீட்டில், ஆனால் கடலில் நாலு அலை தாண்டுவதற்குள் குடல் வாய்க்கு வந்துவிடும். வாந்தி எடுக்கிற மீனவன்! குப்பமே சிரித்தது. அதனால் கரையேறி, லாரி கிளீனராகி, டிரைவராகி, கடைசியில் மில்லுக்காரர் வீட்டில் காரோட்டப் போனார். பின்கட்டில் மாட்டுக் கொட்டகையை ஒட்டி எங்களுக்கு ஓர் அறை.

அந்தக் காரை அப்பா கவனித்த மாதிரி அம்மாவையோ என்னையோ கவனித்ததில்லை. காலையில் முன்பக்கம் இரும்புக் கம்பியை விட்டு ஒரு சுற்று சுற்றுவார். வண்டி இருமிவிட்டுக் கிளம்பும். ரப்பர் பந்து வைத்த பித்தளை ஹாரன், அமுக்கினால் வாத்து கத்துகிற மாதிரி இருக்கும். உள்ளே பெட்ரோல் வாசனையும் தோல் வாசனையும் மொதலாளியம்மாவின் தாழம்பூ வாசனையும் கலந்து தலையைச் சுற்றும். மொதலாளி அதில் ஏறி வீட்டிலிருந்து மில்லுக்குப் போவார். நடந்தால் இருநூறு அடி. வீட்டு வாசலில் நின்று தும்மினால் மில்லில் கேட்கும். அதற்கு ஒரு கார், ஒரு டிரைவர், தலையில் ஒரு தொப்பி.

மொதலாளியம்மா இன்னும் ஒரு படி மேலே. ஊர்க்கண் முழுக்கத் தன் கார் மேல்தான் என்று அவளுக்கு ஒரே பயம். அமாவாசைக்கு அமாவாசை என்னைக் கூப்பிடுவாள்.

"ஏ பொண்ணு, போயி கல்லுப்பு அரைப்படி வாங்கியா. பெரிய பெரிய கல்லா பாத்து வாங்கு."

மளிகைக் கடை வாசலில் உப்புக்கு ஒரு மரப்பெட்டி இருக்கும். மூடி கிடையாது. உப்பை எவன் திருடுவான்? நான் கையை விட்டுப் பொறுக்குவேன். நகக்கண் எரியும். கொண்டுவந்தால், பழைய சிவப்புப் பட்டைக் கிழித்து, உப்போடு ஒரு மஞ்சள் துண்டையும் வைத்து அவள் முடிச்சுப் போடுவாள். பிறகு அப்பா குளிக்கப் போகிற நேரம் பார்த்து என்னைக் காருக்குள் ஏற்றுவாள். பின் சீட்டுக்கு அடியில் கை போகிற அளவுக்கு ஒரு சந்து. அதற்குள் தரைத் தகடு பள்ளமாக இருக்கும்.

"உன் கைதான் சின்னது. தள்ளு. இன்னும் உள்ள தள்ளுடீ. உங்கப்பன்கிட்ட மூச்சு விடாத. ஆம்பளைக்குத் தெரிஞ்சா பலிக்காது. சத்தியம் பண்ணு."

சத்தியம் பண்ணினேன். ஒரு தேங்காய் பர்பி கிடைத்தது.

திருஷ்டிக்கு வைக்கிற உப்பை அடுத்த அமாவாசைக்கு எடுத்துத் தண்ணீரில் கரைத்துவிட வேண்டும். அதுதான் எல்லா வீட்டிலும் வழக்கம். ஆனால் எடுப்பது ஒரு வேலை, கரைப்பது இன்னொரு வேலை. வேலை என்றாலே அந்த அம்மாவுக்கு ஆகாது. பழசு இருந்தால் காவல் ஜாஸ்தி ஆகும் என்று தானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டாள். முடிச்சுக்கு மேல் முடிச்சாக உள்ளே போய்க்கொண்டே இருந்தது.

மழைக்காலத்தில் அப்பா பின்பக்கத்துக் கயிற்றுப் பாயை எடுத்து வெயிலில் போடுவார். சாயந்திரம் தொட்டுப் பார்த்துத் தலையைச் சொறிவார்.

"இந்தப் பாய் காயவே மாட்டேங்குதே பாப்பா. ஊருக்கெல்லாம் அடிக்கிற வெயில் இதுக்கு மட்டும் அடிக்கலையா?"

நான் வாயைத் திறக்கவில்லை. ரகசியத்தைக் காப்பாற்றுகிற பெரிய மனுஷியாக என்னை நினைத்துக்கொண்டேன். உப்பு கசியும், கசிந்த தண்ணீர் இரும்பைத் தின்னும் என்பதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது.

மீன் வந்தது ஒரே ஒரு தடவை. மொதலாளிக்குக் கடலூர் கோர்ட்டில் வழக்கு. அப்பா வெளியே வண்டியில் காத்திருந்தபோது என் தாய்மாமன் ஒரு ஓலைக்கூடை நிறையச் சங்கரா மீனோடு வந்து நின்றிருக்கிறார். அக்கா வீட்டுக்குக் கொடுப்பதை வேண்டாம் என்றால் உறவு போய்விடும். அப்பா கூடைக்கு அடியில் வாழை மட்டையைப் போட்டு டிக்கியில் வைத்துக் கொண்டுவந்தார். வந்ததும் கூடையை இறக்கிவிட்டு டிக்கித் தரையைத் துணியால் மூன்று தடவை துடைத்தார். துடைத்தபின் கையால் தடவிப் பார்த்தார், மறுபடியும் துடைத்தார். ராத்திரி கதவைச் சாத்திக்கொண்டு தின்றோம். சங்கராவின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது. பாழாய்ப்போன ருசி.

அந்த மழைக்காலம் முடிந்த தை மாசம், கீழ வீதியில் ஒரு கல்யாணம். சீர்த் தட்டை மடியில் வைத்துக்கொண்டு நான் முன் சீட்டில் அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தேன். பின்னால் மொதலாளியம்மா, பட்டும் நகையுமாக. தேர்முட்டி தாண்டினதும் 'மொறுக்'கென்று ஒரு சத்தம், அப்பளம் நொறுங்குகிற மாதிரி. உடனே "ஐயோ!" திரும்பிப் பார்த்தால் மொதலாளியம்மாவின் ஒரு கால் முழங்கால் வரைக்கும் காணோம்.

"நிறுத்துடா! நிறுத்துடா பாவி!"

அப்பா பிரேக்கை அழுத்துவதற்குள் வீதியில் ஒருத்தன் கத்திவிட்டான். "டேய், இங்க வாங்கடா! காருக்குக் கால் மொளச்சிருக்குடா!"

கூட்டம் கூடிவிட்டது. செருப்பு எங்கோ பின்னால் கிடந்தது. அதை எடுத்துவந்து கொடுத்தவன், "அம்மா, இன்னொரு காலையும் வுட்டீங்கன்னா பெட்ரோல் மிச்சம்" என்றான். கணுக்காலில் ஒரு கீறல், அவ்வளவுதான். ஆனால் சிரிப்பை எந்த மருந்து போட்டு ஆற்றுவது? யார் தலையிலாவது போட்டே ஆக வேண்டும்.

அன்று சாயந்திரம் முற்றத்தில் விசாரணை. மொதலாளி சாய்வு நாற்காலியில். எதிரே அப்பா தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஊர் டிங்கர் ஒருத்தனைக் கூப்பிட்டிருந்தார்கள். அவன் சீட்டைக்கூடக் கழற்றவில்லை. மொதலாளியின் வாயைப் பார்த்து வியாதி சொல்கிற ஜாதி.

"உப்புத் தண்ணி பட்ட துருங்க இது. சிதம்பரத்துல கடல் ஏது? வேற எப்படிங்க வரும்?"

"மீனு!" என்றாள் மொதலாளியம்மா. "நான் சொல்லல? பாய் எப்பப் பாத்தாலும் ஈரமாவே கெடக்குதுன்னு சொல்லல? ஏ பொண்ணு, இங்க வா. பொய் சொன்னா சாமி கண்ணக் குத்தும். உங்கப்பன் வண்டியில மீன் எடுத்தாந்தானா இல்லியா?"

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரே ஒரு தடவ" என்றேன்.

"போதுமா? கேட்டுக்கிட்டீங்களா?"

"டிக்கியிலதாங்க வெச்சேன். உள்ள வெக்கலீங்க. நல்லாத் தொடச்சிட்டேங்க" என்றார் அப்பா. டிக்கியில் வைத்த மீனின் தண்ணீர் பின் சீட்டுக்கு அடியில் எப்படி ஏறி வரும் என்று அந்த முற்றத்தில் ஒருத்தர் கேட்கவில்லை. படித்த மொதலாளி கேட்கவில்லை. தொழில் தெரிந்த டிங்கர் கேட்கவில்லை. டிக்கியைத் திறந்து பாருங்கள் என்று அப்பா ரெண்டு தடவை சொன்னார். அந்த நாற்றத்தை நான் எதற்குப் பார்க்கணும் என்று மொதலாளி எழுந்து போய்விட்டார்.

கடலூருக்குத் திரும்பினோம். அப்பாவுக்கு அப்புறம் எவனும் ஸ்டியரிங்கைக் கொடுக்கவில்லை. கதை அவருக்கு முன்னால் பஸ் ஏறி வந்துவிட்டது. 'மீன் டிரைவர்' என்று பேர். துறைமுகத்தில் ஐஸ் கட்டி தூக்கினார். சாக்குப் போட்ட தோள் எப்போதும் நனைந்தே இருக்கும். என் படிப்பு அதோடு நின்றது. கோபம் எனக்கு மில்லுக்காரன் மேல் வரவில்லை, அப்பா மேல்தான் வந்தது. ஒரு கூடை மீனுக்கு நாக்கைத் தொங்கப் போட்டு எங்கள் பிழைப்பைத் தின்றவர் என்று நினைத்தேன். நான் வாழ்க்கையில் ஏறிய ஒவ்வொரு படியையும் அந்தக் கோபத்தில்தான் ஏறினேன்.

வயசான காலத்தில் அப்பா என் ஷெட்டுக்கு வந்து டயர் மேல் உட்கார்ந்திருப்பார். சும்மா இருக்க மாட்டார். துணியை எடுத்து எந்த வண்டியையாவது துடைக்கப் போவார்.

"கை வெக்காத! ஒரு வண்டிய அழுக வெச்சது போதும்" என்பேன், வேலைக்காரர்கள் முன்னாலேயே.

ஒரு தடவை மட்டும் பதில் சொன்னார். "அந்த வண்டிய யாராவது பிரிச்சுப் பாத்தா தெரியும் பாப்பா."

"என்னா தெரியும்? மீன் முள்ளு தெரியும்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் லேசாகச் சிரித்தார். துணியை மடித்து டயர் மேல் வைத்துவிட்டுப் போனார். சுனாமிக்கு ரெண்டு வருஷம் முன்னால் செத்துப்போனார்.

பிரிக்கிற வேலை என் கைக்கே வரும் என்று யார் கண்டது?

முதலில் கதவுத் தூண்களுக்குக் குறுக்கே இரும்பு ஆங்கிள் வைத்துப் பிடித்தோம். தரையை எடுத்துவிட்டால் பாடி வாழைத்தண்டு மாதிரி வளையும், பிறகு ஒரு கதவும் மூடாது. சீட்டைக் கழற்றினோம். அந்தக் காலத்து டிங்கர் போட்ட ஒட்டு தெரிந்தது. துருவை எடுக்காமல் அதன் மேலேயே தகட்டை வைத்து ஆணியடித்துத் தார் பூசியிருந்தான். புண்ணைக் கழுவாமல் பொட்டு வைத்தவன். அதை நெம்பினால் கீழே பழைய தரை பப்ஸ் மாதிரி அடுக்கடுக்காகப் பிரிந்தது.

"அண்ணி, இதப் பாரு. எலி கூடு கட்டியிருக்குது."

எலி இல்லை. பின் சீட்டுக்கு அடியிலிருந்த பள்ளத்தில் கல் மாதிரி இறுகிப்போன முடிச்சுகள். துருவில் ஊறி எது துணி, எது இரும்பு என்று தெரியவில்லை. ஒன்றைச் சுத்தியால் தட்டினேன். உள்ளே சிவப்பு. அதற்கும் உள்ளே பழுப்பாக ஒரு கட்டி, ஒரு கறுத்த மஞ்சள் துண்டு. கட்டியில் விரலைத் தேய்த்து நாக்கில் வைத்தேன்.

"என்னா அண்ணி, எதை வாயில வெக்கிற!"

பின்னால் போய் டிக்கியைத் திறந்தேன். கம்பளத்தைத் தூக்கினேன். தரை முழுசாக இருந்தது. கம்பெனி அடித்த கறுப்புப் பெயிண்ட்கூடப் போகவில்லை. சுத்தியால் தட்டினேன், கிண்ணென்றது. நாற்பது வருஷமாகத் துருவைப் பார்த்தே சோறு தின்கிறவள் நான். தகட்டைத் தட்டினால் எங்கிருந்து தண்ணீர் வந்தது என்று சொல்லிவிடுவேன் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவள். என் அப்பனுக்கு மட்டும் தட்டிப் பார்க்காமலே தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன்.

அன்றைக்கு வேலையை நிறுத்திவிட்டு எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பினேன்.

மறுநாளிலிருந்து அந்தத் தரையை நானே போட்டேன். அட்டையில் அளவெடுத்து, தகடு வெட்டி, பழையதில் இருந்த வரிப்பள்ளங்களை ஒவ்வொன்றாக அடித்து எடுத்தேன். தொடர்ந்து வெல்டிங் விட்டால் சூட்டில் தகடு நெளியும். இங்கே ஒரு விரல், அங்கே ஒரு விரல் என்று ஆறவிட்டு ஆறவிட்டு வைத்தேன். துருப் பிடிக்காமலிருக்க ரெட் ஆக்சைடு ரெண்டு கோட். ஆங்கிளை எடுத்தபின் நாலு கதவும் மூடின. 'டப்.' அந்தச் சத்தத்தை ஃபைலில் காட்ட முடியாது.

டெலிவரிக்கு நானே ஓட்டிப் போனேன். வழியில் புதுச்சத்திரம் தாண்டி ரோட்டோரத்தில் மீன் விற்கிறவளிடம் வண்டியை நிறுத்தினேன். சங்கரா இருந்தது. ஓலைக்கூடையோடு வாங்கி, அடியில் வாழை மட்டை போட்டு, டிக்கியில் வைத்தேன்.

தெற்கு வீதியில் அதே வீடு. மில் போய்க் கல்யாண மண்டபம் வந்திருந்தது. வாத்தியார் செல்போனில் படம் எடுத்துக்கொண்டே சுற்றி வந்தான். அவனுடைய அம்மா, அந்த வீட்டு மருமகள், என் வயசுதான் இருக்கும், ஆரத்தித் தட்டோடு வந்தாள். சுற்றிக் கொட்டிவிட்டு இடுப்பிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். சிவப்புத் துணி.

"சீட்டுக்கு அடியில வெச்சிடறேன். ஊர்க்கண்ணு பொல்லாதது."

நான் கொண்டுவந்த பையைத் திறந்து அந்தத் துருப்பிடித்த முடிச்சுகளைக் காரின் மூக்கு மேல் வரிசையாக வைத்தேன். அந்த அம்மா கிட்ட வந்து ஒன்றைத் திருப்பிப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது.

"இது... எங்க அத்தை பழக்கம். எனக்கும் அவுங்கதான் சொல்லிக் குடுத்தாங்க. டிரைவருக்குத் தெரியாம வெக்கணும்னு."

"தெரியாமத்தான் இருந்துச்சு. இந்த உப்புதான் தரையத் தின்னுச்சு. மீனு இல்ல. தம்பி, படம் புடிக்கிறியே, இதையும் புடிச்சிக்க. அடுத்த கல்யாணத்துல கதை சொல்லும்போது இதையும் சேத்துச் சொல்லு."

அவன் செல்போனைத் தாழ்த்தினான். எனக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது. இதற்காகத்தானே வந்தேன்? ஆனால் அந்த அம்மா முடிச்சைக் கையிலேயே வைத்துக்கொண்டு யோசித்தாள்.

"எங்க அத்தைக்கு இடுப்பு வளையாதே. கீழ வுழுந்த சாவிய எடுக்கக்கூட ஆள் கூப்புடுவாங்க. இவ்ளோ உள்ள யாரு வெச்சாங்க?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. எதிர்பார்த்திருக்க வேண்டும். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். போட்டு ஓனர் மகளுக்கு அது ஒன்றும் கஷ்டமில்லை.

"நான்தான்" என்றேன்.

"நீங்களா?"

"அந்த டிரைவர் பொண்ணு நான்தாம்மா. அப்ப ஒம்பது வயசு. கை சின்னது."

அந்த அம்மா புதுப் பொட்டலத்தை மறுபடியும் இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"டிக்கியத் தொற தம்பி" என்றேன்.

திறந்தான். மீன் வாடை அடித்ததும் ஓரடி பின்னால் போனான். நான் கூடையைத் தூக்கிக் கீழே வைத்தேன். டிக்கித் தரையில் நாலு சொட்டுத் தண்ணீர் நின்றது. தோளில் கிடந்த துணியால் துடைத்தேன். கையால் தடவிப் பார்த்து மறுபடியும் துடைத்தேன். மூன்றாவது தடவையும் துடைத்தேன்.

"தொட்டுப் பாரு."

அவன் அவனுடைய அம்மாவைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள். குனிந்து ரெண்டு விரலால் தொட்டான்.

"காஞ்சிருக்கு" என்றான்.

"காஞ்சிருக்கா? இப்படித்தான் தொடச்சாரு எங்கப்பா."

கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். கடலூர் பஸ்ஸில் ஏறினேன். பக்கத்து சீட்டில் சட்டை மடிப்புக் கலையாத ஒருத்தன் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். கண்டக்டர் வந்து குனிந்து பார்த்தான்.

"கூடையில என்னாம்மா?"

"மீனு" என்றேன், பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி.